இடமாறு தோற்றமும் அநேகாந்தமும்

ஆரணிக்கு அருகே, 16 அடி உயர நேமிநாதர் சிற்பத்தாலும் குந்தவை ஜினாலயத்தாலும் அறியப்படும் சமணத் தலமான திருமலையை முன்னிட்டுத் துப்பாக்கித் தொலைநோக்கியைப் பற்றிச் சிந்திப்பது முரணாகத் தோன்றினாலும், காட்சியின் வரம்பு குறித்த சமணக் கேள்வி அக்கருவிக்குள்ளேயே அடங்கியுள்ளது. பொருளருகு வில்லை உருவாக்கும் தலைகீழ்ப் பிம்பத்தை இடைவில்லைகள் நிமிர்த்த, கண்ணருகு வில்லை அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அப்பிம்பமும் குறுக்குக் கம்பிகளும் ஒரே தளத்தில் அமையாதபோது, கண் சற்று நகர்ந்தாலே குறி இலக்கைவிட்டு விலகுவதாகத் தெரிவது இடமாறு தோற்றப் பிழை எனப்படும். ஆகவே கருவியைத் தேர்பவர் உருப்பெருக்கத்தோடு, இப்பிழையைத் திருத்தும் அமைப்பையும் கருத வேண்டும்.

எந்தக் காட்சியும் ஒரு நிலைப்பாட்டிலிருந்து பெறப்பட்டதே என்னும் சமணக் கொள்கையான அநேகாந்தவாதம் இதே எச்சரிக்கையை அறிவுக்கும் விடுக்கிறது. வில்லை கண்ணின் பிழையைத் திருத்துமேயன்றி நெஞ்சின் பிழையைத் திருத்தாது. கொல்லும் எண்ணமாகிய பாவஹிம்சை, செயலாகிய திரவியஹிம்சைக்கு முன்பே உள்ளத்தில் நிகழ்ந்துவிடுவதால், உயிரைத் தெளிவாகக் காண்பவரின் பொறுப்பு அத்தெளிவாலேயே கூடுகிறது.