யாருடைய சுமையை யார் சுமப்பது?

அர்ச். சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை வாசிக்கிறவர்கள் ஓரிடத்தில் திகைத்து நிற்பதுண்டு. விசுவாசிகள் ஒருவர் பாரத்தை மற்றொருவர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று புத்தி சொல்லுகிற அப்போஸ்தலர், மூன்று வசனம் தள்ளி, அவனவனுக்கு அவனவன் சுமை உண்டு என்றும் சொல்லிவிடுகிறார். முன்சொன்னதைப் பின்சொன்னது அழிக்கிறதா? பிறர் சுமையை நாம் தாங்கவேண்டுமா, அல்லது அவனவன் பாடு அவனவனுக்கு என்று ஒதுங்கிக்கொள்ளலாமா?

கிரேக்க மூலத்தில் இவ்விரண்டு இடங்களிலும் இருப்பவை இரண்டு வேறு சொற்கள். முதலாவது ‘பாரோஸ்’, மனிதனை அழுத்தி நசுக்கும் பளு. இரண்டாவது ‘போர்த்தியோன்’, வழிநடக்கிறவன் தன் பங்காகத் தோளில் சுமந்து செல்லும் மூட்டை. ஆகவே அப்போஸ்தலர் முரண்பட்டுப் பேசவில்லை. ஆனால் கேள்வி அத்தோடு தீரவில்லை. நம் அயலானிடத்தில் எது அவன் சுமக்கவேண்டிய மூட்டை, எது நாம் கைகொடுத்து இறக்கவேண்டிய பளு என்று பகுத்தறிவது எப்படி? இதிலே தவறுகிறவர்கள் அன்பின் பேராலேயே தீமை செய்துவிடக்கூடும். இதை விளக்குவதற்கு முதல் வகை நீரிழிவு என்னும் வியாதியைப்போல் தக்க உதாரணம் கிடைப்பது அரிது.

நம் வீடுகளில் ‘சர்க்கரை’ என்று பேசப்படுவது பெரும்பாலும் வயது சென்றவர்களுக்கு வரும் இரண்டாம் வகை. முதல் வகை அதுவல்ல. அது எந்த வயதிலும் வரலாம். எனினும் பள்ளிப் பிள்ளைகளையும் வாலிபரையும் திடீரென்று தாக்குவது வழக்கம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் நுண்ணிய அணுக்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால், உண்ட உணவு இரத்தத்தில் சர்க்கரையாய்த் தேங்கி நிற்க, உடலோ பட்டினி கிடப்பதுபோல் உருகிப்போகும். மிட்டாய் தின்றதால் இது வருவதில்லை. தாய் தகப்பன் செய்த பாவத்தாலும் வருவதில்லை. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று நமது ஆண்டவர் திருத்தியதை மறவாதிருப்போமாக.

1922-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கனடா தேசத்து டொராண்டோ நகரில், லெனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வைத்தியருக்கு வேறு வழியில்லை. அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். இது பிறர்சிநேகத்துக்கு ஒரு நல்ல சாட்சி.

ஆனால் இன்சுலின் நோயை ஒழிக்கும் மருந்தல்ல. ஆரோக்கியமுள்ளவனுடைய கணையம் அவன் அறியாமலே செய்கிற கணக்கை, இந்நோயாளி தன் அறிவைக்கொண்டு, தினம் பலமுறை, ஆயுள் முழுதும் செய்யவேண்டும். இந்த வேளை எவ்வளவு மாவுச்சத்து உண்ணப்போகிறேன்? இப்போது இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு? மாலையில் பந்து விளையாடப் போகிறேனா? காய்ச்சல் அடிக்கிறதா? மருந்து மிஞ்சினால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, புத்தி தடுமாறி, மயக்கமும் வரும். குறைந்தாலோ இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே மோசம் வரும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் உண்டு. அதில் வைத்தியர் அவனைப் பார்ப்பது சில மணி நேரம் மாத்திரம். மற்ற நேரமெல்லாம் அவனே தனக்கு வைத்தியன். இதுதான் அவனுடைய சொந்த மூட்டை. பெற்ற தாயும் கடைசிவரை இதை அவனுக்காகச் சுமந்துவிட முடியாது.

அப்படியானால் அவனை எப்படி நடத்தவேண்டும்? நெடுங்காலம் வைத்தியர்கள் கையாண்ட முறை கட்டளையிடுவது. இன்ன மணிக்கு இத்தனை யூனிட் ஊசி, இன்ன மணிக்கு இவ்வளவு உணவு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்குக் கீழ்ப்படிவதே நோயாளியின் கடமை. தவறினவன் குற்றவாளி. கீழ்ப்படிதல் சிறந்த புண்ணியந்தான். ஆனால் கலியாண வீட்டில் பந்தி இரண்டு மணி நேரம் பிந்தினால் எழுதிவைத்த சீட்டு என்ன செய்யும்? பொதுவான விதியை இந்த நேரத்துக்கு, இந்த இடத்துக்குத் தக்கபடி பிரயோகிக்கும் நல்லறிவையே அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விவேகம் என்று அழைத்து, தலையான புண்ணியங்கள் நான்கில் முதலிடத்தில் வைத்தார். விவேகத்தைக் கற்றுக்கொடாமல் கீழ்ப்படிதலை மாத்திரம் கேட்பது, நீந்தத் தெரியாதவனைப் பார்த்து மூழ்காதே என்று கட்டளையிடுவதற்கு ஒப்பாகும்.

இதை உணர்ந்த சிலர் ஜெர்மனியில் இருந்தார்கள். டியூசல்டார்ஃப் நகரில் மிக்கேல் பெர்கர் என்னும் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும், ஐந்து நாள் பாடத்திட்டம் ஒன்றை வகுத்து, நோயாளிகளுக்கே மருந்தின் அளவைக் கணிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பலனை 1983-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். இங்கிலாந்து வைத்தியர்கள் அதைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்று ‘டாஃப்னே’ என்று பெயரிட்டார்கள். சாதாரண உணவை உண்டு அதற்கேற்ப மருந்தளவைத் திருத்திக்கொள்ளுதல் என்பது அப்பெயரின் கருத்து. ஆறு முதல் எட்டுப்பேர் கொண்ட ஒரு சிறு கூட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். மொத்தம் 38 மணி நேரப் பாடம். கற்பிப்பவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸும் உணவுக்கலை அறிந்தவரும். பத்து கிராம் மாவுச்சத்து ஒரு பங்கு என்று எண்ணவும், பங்குக்கு இத்தனை யூனிட் என்று தனக்குரிய அளவைக் கண்டுகொள்ளவும் அங்கே பழகுகிறார்கள்.

இப்படி விட்டுக்கொடுத்தால் நோயாளி மட்டசனம் மறந்து போஜனப்பிரியத்தில் விழுவானே என்று சிலர் அஞ்சினார்கள். நியாயமான அச்சந்தான். 2002-ம் ஆண்டில் வெளியான பரிசோதனை அதற்கு விடை சொல்லிற்று. 169 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு உடனே பாடம் நடத்தி, மற்றவர்களைக் காத்திருக்கச் செய்தார்கள். சில மாத காலத்தின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து அதன் அளவு, காத்திருந்தவர்களிடம் 9.4 சதவீதமாகவும், கற்றவர்களிடம் 8.4 சதவீதமாகவும் இருந்தது. விரும்பியதை உண்ணும் சுதந்திரம் பெற்றவர்களுக்கே சர்க்கரை அடங்கியிருந்தது. கடுமையான மயக்கங்களும் அதிகரிக்கவில்லை. அறிவோடு சேர்ந்த சுதந்திரம் மனிதனைக் கெடுப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால் இங்கே இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். இந்தப் பாடம் ஒருவனைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதல்ல. ஒவ்வொருவரும் முந்தின நாள் தம் இரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்கிற்று என்பதை எல்லோர் முன்னும் சொல்ல, மற்றவர்கள் காரணத்தை ஆராய்கிறார்கள். பல ஆண்டுகளாகத் தன் எண்களை மறைத்துவந்தவன், பக்கத்தில் இருப்பவனுடைய எண்களும் அப்படியே இருப்பதைக் காண்கிறான். அவன் தோளை நசுக்கியது ஊசியல்ல. தான் ஒருவன்தான் தோற்றுப்போனவன் என்ற எண்ணம். அந்தப் பளு அந்த அறையில் இறங்கிவிடுகிறது. வைத்தியர் எவ்வளவு தயாளராயிருந்தாலும் இதை இறக்கிவைப்பது அவருக்கு அரிது. அதே பாதையில் நடந்தவனுக்கு எளிது.

லண்டனில் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி வைத்தியராயிருந்த ராபின் லாரன்ஸ் தாமே இந்நோயாளி. சாவை எதிர்பார்த்து இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகருக்குச் சென்றிருந்தவர், 1923-ல் இன்சுலின் கிடைத்ததென்று கேட்டுத் திரும்பிவந்து பிழைத்து, 1968 வரை வாழ்ந்தார். 1934-ல் அவரும், நீரிழிவு கொண்ட நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸும் சேர்ந்து, நோயாளிகளும் வைத்தியர்களும் கூடும் ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அது இன்றும் வேறு பெயரில் நடக்கிறது. நோயாளி கேட்கிறவனாக மாத்திரம் இராமல், பேசுகிறவனாகவும் இருக்கவேண்டும் என்பதற்கு அவர்களே வழிகாட்டினார்கள்.

கற்றவர்களைச் சுமார் 44 மாதம் கழித்துச் சோதித்த ஆராய்ச்சி 2010-ல் வெளியாயிற்று. வாழ்க்கையில் அடைந்த நிம்மதி நிலைத்திருந்தது. சர்க்கரையில் கண்ட முன்னேற்றமோ ஓரளவு தேய்ந்திருந்தது. இதில் ஆச்சரியமென்ன? ஞானோபதேசம் கற்றவன் பூசைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வராமல் ஆண்டுக்கணக்காய்த் தனித்திருந்தால் பக்தி குறையாதா? கற்பது ஐந்து நாளில் முடியலாம். கற்றதைக் காத்துக்கொள்ளக் கூட்டாளிகள் வேண்டும்.

குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதாகாதா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆகலாம், எல்லை மீறினால். கூட்டாளி தன் அளவை மற்றவனுக்கு எழுதிக் கொடுக்கக்கூடாது. ஒருவனுக்கு மருந்தாயிருக்கும் அளவு மற்றவனுக்கு ஆபத்து. எச்சரிப்பான், தேற்றுவான், டாக்டரிடம் அழைத்துப்போவான், டாக்டராகமாட்டான். இந்த எல்லைக்குள் நின்றால் அவன் செய்வது இரக்கத்தின் ஞானக் கிரியைகளில் அடங்கும். அறியாதவனுக்குக் கற்பிப்பது ஒன்று, துன்பப்படுகிறவனைத் தேற்றுவது மற்றொன்று என்று சிறு வயதிலே நாம் மனப்பாடம் செய்யவில்லையா?

வாசகரே, இனி நம் கடமை என்ன? முதலாவது, செபத்தினாலோ நாட்டு மருந்தினாலோ குணமாகிவிடும் என்று சொல்லி இன்சுலினை நிறுத்தச் சொல்லுகிறவர்களுக்குச் செவிகொடாதிருங்கள். நிறுத்தினால் சில நாட்களிலே சாவு நேரலாம். அது விசுவாசமல்ல, சர்வேசுரனைச் சோதிப்பதாகும், ஐந்தாம் கட்டளைக்கும் விரோதமாகும். செபியுங்கள், ஊசியும் போடுங்கள்.

இரண்டாவது, ஒருத்தடவை பந்தாவிலும் கோவிலிலும் பிள்ளையின் வாயைக் காவல்காக்காதிருங்கள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே தாழ்ந்தால், உடனே 15 முதல் 20 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ உட்கொள்ளவேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும். நினைவு தப்பினவனுக்கோ வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். நன்மை வாங்கப் போகும் நேரத்தில் இப்படி நேர்ந்தாலும் கலங்கவேண்டாம். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் உபவாசமிருக்கும் ஒழுங்கு நோயாளிகளைக் கட்டாது. அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் கட்டாது. திருச்சபைச் சட்டமே இதைச் சொல்லுகிறது. விபூதித் திருநாளிலும் பெரிய வெள்ளிக்கிழமையிலும் உபவாசத்தால் உடலுக்குக் கேடு வருமானால் அவர்களுக்கு அந்தக் கடனும் இல்லை. தாழ்ந்த சர்க்கரையோடு பட்டினி கிடப்பது தபசு அல்ல.

மூன்றாவது, இந்நோயுள்ள பிள்ளையை ஒளித்து வைக்கவேண்டாம். பெண்ணாயிருந்தால் ஊர் அறியாமல் மூடிவைக்கும் தாய் தகப்பன்மார் உண்டு. அவர்கள் மனவேதனை நமக்குத் தெரியாததல்ல. ஆனால் மறைக்கச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, ஊசி போடவேண்டிய நேரத்திலும் மறைக்கக் கற்றுக்கொள்ளும். மறைக்கும்படி அவர்களை நெருக்குவது நம்முடைய நாவுகள்தான். இந்த நோயுள்ள இரண்டு குடும்பங்கள் ஒரு பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு ஒருவரையொருவர் அறிமுகம் செய்துவைப்பது பெரிய தர்மம்.

சிலுவைப்பாதையின் ஐந்தாம் ஸ்தலத்தில் சீரேனே ஊரானாகிய சீமோனைக் காண்கிறோம். அவன் மரத்தைத் தாங்கினான். பாடுகளையோ ஆண்டவரே பட்டார். கல்வாரிக்கு ஏறும் வேலையை அவன் அவரிடமிருந்து பறிக்கவுமில்லை, அவரைத் தனியே ஏறவிடவுமில்லை. தாயே, உன் மகன் தன் ஊசியைத் தானே போடட்டும்; கணக்கைத் தானே செய்யட்டும். நீயும் நாங்களும் அவனிடமிருந்து அறியாமையையும் வெட்கத்தையும் தனிமையையும் எடுத்துக்கொள்வோம். இவை அவனுடைய மூட்டையைச் சேர்ந்தவையல்ல. இவற்றைத் தாங்கவே சர்வேசுரன் அவனுக்கு அயலார் என்று நம்மைக் கொடுத்திருக்கிறார்.