இளநீல நாடா



கொடைக்கானலிலும் கீழ்மலைக் கிராமங்களிலும் ஊழியம் செய்கிற எனக்கு, 44-ஆம் வயதில் மருத்துவர் ஒரு பெயர் சொன்னார்: ஏ.டி.ஹெச்.டி. தமிழில் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு என்கிறார்கள். இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால் இதே பாரத்தைப் பெயர் தெரியாமலே சுமக்கிறவர்கள் நம் நடுவிலும் இருக்கலாம்.

ஒருவர், "பாஸ்டர், இது பிசாசின் கட்டு, உபவாசம் போடுங்க" என்றார். இன்னொருவர், "சோம்பேறித்தனத்துக்கு டாக்டருங்க வச்ச பேரு" என்றார். இரண்டுமல்ல, பிரியமானவர்களே!

இது சிறுவயதிலேயே தொடங்குகிற, மூளை வளர்ச்சியைச் சார்ந்த குறைபாடு. பெரும்பாலும் குடும்ப வழியாய் வருகிறது. நூறு பெரியவர்களில் ஏறக்குறைய இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. ஒருநாள் சாவியைத் தொலைத்ததால் கிடைக்கிற பெயர் அல்ல. 2013-ல் வெளியான மருத்துவ அளவுகோலின்படி, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அது தெரிய வேண்டும். தூக்கக் குறைவும் தைராய்டும் மனச்சோர்வும்கூட இதேபோலத் தோன்றும். ஆகவே நாமே பெயர் சூட்டிக்கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

வேதம் என்ன காட்டுகிறது? எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தம்முடைய ஜனங்கள் மறந்துபோவார்கள் என்று தேவனுக்குத் தெரியும். "இதுகூட ஞாபகம் இல்லையா?" என்று அவர் கடிந்துகொண்டு விட்டுவிடவில்லை. வஸ்திரத்தின் ஓரத்தில் இளநீல நாடாவைக் கட்டச் சொன்னார். கண் பார்க்கும், மனசு நினைக்கும்! பலவீனத்தை அறிந்த தேவன், அதற்கேற்ற உதவியையும் கொடுத்தார். அல்லேலூயா!

இன்றைக்கு அந்த நாடா எது?

முதலாவது, மருந்து. மெத்தில்பெனிடேட், அடாமாக்ஸெடின் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன அளவில், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். ஜெபித்துவிட்டோம் என்று மாத்திரையைத் தூக்கி எறியாதிருங்கள். எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுத்த சம்பவத்திலேயே அத்திப்பழ அடையும் உண்டே (ஏசாயா 38)!

இரண்டாவது, வெளியே ஓர் ஞாபகம். சட்டைப்பையில் சிறு நோட்டு, கைப்பேசியில் அலாரம், கதவருகே சாவிக்கு ஓர் ஆணி. ஜெபத்தையும் பத்துப் பத்து நிமிடமாய்ப் பிரித்து, நடந்துகொண்டே ஜெபிக்கலாம். வத்தலக்குண்டு மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் டிரைவர் தம்பி வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவாரா? விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்து வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் அல்லவா?

மூன்றாவது, துணை. மோசேக்கு எத்திரோ யோசனை சொன்னார், பாரத்தைப் பகிர ஆட்கள் எழும்பினார்கள் (யாத்திராகமம் 18). என் வீட்டில் கணக்கு வழக்கு இப்போது மனைவியின் கையில். "முன்னாடி உங்க மேல கோவம் வரும், இப்ப என்னன்னு புரியுது" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வீட்டில் சமாதானம் இறங்கிற்று.

நம் மலையின் சரித்திரமும் இதற்குச் சாட்சி. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலுக்கும் நோய்க்கும் தப்ப 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அது அவிசுவாசமா? இல்லவே இல்லை! ஜெபிக்கிறவர்கள்தான் மலையேறி வந்தார்கள்.

சபையாரே, ஆராதனை நடுவே எழுந்து போகிற தம்பியை முறைக்காதிருங்கள். பின்னால் நின்று கேட்க இடம் கொடுங்கள். மூன்று வேலை மாறியவனை "உருப்படாதவன்" என்று சொல்லாதிருங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாய்த் தமிழிலேயே பேசலாம்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, சிதறுகிற எங்கள் சிந்தையை நீர் அறிவீர். வெட்கத்தை எடுத்துப்போடும். மருத்துவர் கைகளை ஆசீர்வதியும். ஒருவருக்கொருவர் இளநீல நாடாவாய் இருக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.