விலைக்கு வாங்கும் அமைதி

மனக்கலக்கத்தினின்று விடுபடுதல் மனிதனின் மிகப் பழைய நாட்டங்களுள் ஒன்று. கிரேக்க மெய்யியலாளரான எப்பிக்கியூரஸ் கலக்கமற்ற உளநிலையையே இன்ப வாழ்வின் உச்சமாகக் கொண்டார். ஆயின், அந்நிலை நட்பினாலும், ஆசைகளைச் சுருக்குதலாலும், மரணம் பற்றிய அச்சத்தை ஆராய்ந்து அகற்றுதலாலும் எய்தப்படுவதென்பதே அவர் கொள்கை. இன்றோ மேலைநாட்டு நகரங்களின் கடைகளில் அவ்வமைதி சிறு புட்டிகளில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளது. கஞ்சாச் செடியினின்று பெறப்படும் கனபிடியோல் என்னும் பொருள் சேர்ந்த எண்ணெய்களும் இனிப்புகளும் பானங்களும், பதகளிப்பைத் தணித்துப் பொதுநலத்தைப் பேணும் என்ற நம்பிக்கையில் வாங்கப்படுகின்றன. விலைக்கு வாங்கும் அமைதி மெய்யமைதி ஆகுமா? அதனை விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் உரிய கடமைகள் யாவை? இவை மருத்துவத்துக்கு மட்டும் உரிய வினாக்களல்ல, அறவியலுக்கும் உரியன.

கஞ்சா என்றதும் எழும் வெறுப்பினை இங்கு முதற்கண் விலக்கி நோக்குதல் வேண்டும். 1940 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் றொஜர் அடம்ஸ் பிரித்தெடுத்த இப்பொருளின் அமைப்பை 1963 இல் இஸ்ரேலில் றஃபாயெல் மெக்கூலமும் அவர் துணைவரும் தெளிவுபடுத்தினர். போதை தருவது அச்செடியின் வேறொரு கூறேயன்றி இஃதன்று. 2018 இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், கொடிய வலிப்புநோய் வகைகள் இரண்டிற்கு இதனை மருந்தாக ஏற்றது. அவ்வாண்டின் இறுதியில், போதைக்கூறு நூற்றுக்கு 0.3 இற்கு மேற்படாத சணற்கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கும் சட்டமும் அங்கு நிறைவேறியது. சந்தை பெருகிற்று. ஆனால், வலிப்புக்குக் கிடைத்த சான்று பதகளிப்புக்கும் சான்றாகிவிடாது என்பது அப்பெருக்கத்தில் மறக்கப்பட்டது.

பதகளிப்புத் தொடர்பான சான்று முற்றாக இல்லையென்பதற்கில்லை. 2019 இல் பிரேசிலில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்விலே, மேடைப்பேச்சுச் சோதனைக்கு உட்பட்ட 57 ஆடவருள் 300 மில்லிகிறாம் உட்கொண்டோரிடம் பதகளிப்புக் குறைந்தது. 150 மில்லிகிறாமோ 600 மில்லிகிறாமோ உட்கொண்டோரிடம் அவ்விளைவு காணப்படவில்லை. மறுபுறம், ஈரலுக்கு நேரக்கூடிய தீங்கு முதலியவற்றைக் கருதிய பிரித்தானியாவின் உணவுத் தர முகவரகம், நலமுள்ள வளர்ந்தோர் நாளொன்றுக்கு 10 மில்லிகிறாமிற்கு மேல் கொள்ளலாகாது என 2023 இல் அறிவுறுத்தியது. இவ்விரு எண்களையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து முரண்பாடு புலனாகும்: பயன் காணப்பட்ட அளவு வைத்தியரின் கண்காணிப்பின்றிக் கொள்ளத்தக்கதன்று, கொள்ளத்தக்கதெனப்பட்ட அளவோ பயன் நிறுவப்பட்டதன்று. இவ்விடைவெளியிலேதான் வணிகம் நடைபெறுகின்றது.

"நம்பிக்கையினாலேனும் ஒருவர் ஆறுதல் பெற்றால் அதிற் கேடென்ன?" என ஒரு சாரார் வினவுவர். இவ்வினா எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. துன்புறும் ஒருவர் இன்றிரவு உறங்குதல் சிறிய நன்மையன்று. எனினும், நம்பிக்கை ஒருவர்க்கு உரியதாவது அவர் உண்மையறிந்து அதனைத் தேர்ந்துகொள்ளும்போதே. 2017 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இணையவழி வாங்கப்பட்ட 84 பொருள்களைச் சோதித்தது. அவற்றுள் 26 இல் மட்டுமே குறிக்கப்பட்ட அளவு சரியாக இருந்தது. 18 இல் போதைக்கூறும் காணப்பட்டது. புட்டியின் மேல் எழுதப்பட்டது பொய்யாயின், வாங்குபவரின் இசைவும் இசைவன்று. மேலும், வேறு மருந்துகள் உட்கொள்வோரின் உடலில் இப்பொருள் அம்மருந்துகளின் செறிவை மாற்றவும் வல்லது. உரிய சிகிச்சையாற் குணப்படக்கூடிய ஒருவர் புட்டியை நம்பிக் காலங்கடத்துவாராயின், ஆறுதலே அவருக்கு இழப்பாகிவிடும். துன்புறுவோர் சந்தையில் பேரம்பேசும் வலிமையற்றவர். எனவே விற்பவரின் வாய்மைக் கடமை இங்கு பிற வணிகங்களிலும் பார்க்கக் கூடியதேயன்றிக் குறைந்ததன்று.

இனி, வாங்குபவர் பக்கத்தை நோக்குவோம். மருந்தினாற் பெறும் அமைதி இழிந்தது, மனவுறுதியினாற் பெறுவதே உயர்ந்தது என்பார் உளர். இக்கூற்று நோயுற்றோர்க்கு இழைக்கும் அநீதியாகும். காய்ச்சலுக்கு மருந்துண்பவரைக் கோழையென எவரும் பழிப்பதில்லை. பதகளிப்பு நோயாகும்போது அதற்கு மருத்துவம் நாடுதலும் அத்தகையதே. ஆயின், எல்லாப் பதகளிப்பும் நோயன்று. டென்மார்க்கின் கீர்க்ககாட் 1844 இல் வெளியிட்ட நூலில் பதகளிப்பை மனித சுதந்திரத்தோடு பிணைத்து ஆராய்ந்தார். தெரிவு செய்யவேண்டிய நிலையில் நிற்பவனுக்கே அக்கலக்கம் உண்டு. அவ்வாறே, நாளை வேலை நிலைக்குமோ எனவும், வீட்டு வாடகைக்கு வழி யாதெனவும் அஞ்சும் தொழிலாளியின் பதகளிப்பு பெரும்பாலும் பிழையான உணர்ச்சியன்று; தன் நிலைமை பற்றிய சரியான தீர்ப்பு. அதனைத் துளித்துளியாகத் தணித்துக்கொண்டு அந்நிலைமையை அவ்வாறே விட்டுவிடுதல், தீ எரிந்துகொண்டிருக்கையில் அபாயமணியை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

"பொதுநலம்" என்னும் விளம்பரச் சொல்லின் அபாயமும் இங்கேதான் உள்ளது. அச்சொல் ஊதியத்திலும் வேலைநேரத்திலும் தனிமையிலும் வேர்கொண்ட துன்பத்தைத் தனிமனிதரின் குறைபாடாக்கி, பரிகாரத்தையும் அவர் பணப்பையிலிருந்தே பெற்றுக்கொள்கின்றது. அதற்காக, சமூகம் மாறும்வரை துன்புறுவோர் உறக்கமின்றிக் காத்திருத்தல் வேண்டும் எனக் கூறுதலும் கொடுமையே.

ஆகவே, அமைதி எவ்வழி வந்தது என்பதிலும் பார்க்க, அது மனிதனை எங்கே இட்டுச் செல்கின்றது என்பதே ஏற்ற அளவுகோலாகும். கலக்கத்தின் காரணத்தை நேர்நின்று நோக்கும் வலிமையை ஒருவர்க்கு மீட்டளிக்கும் அமைதி, மருந்தினால் வந்ததாயினும் மெய்யமைதியே. காரணத்தையே காணாதவாறு கண்ணை மூடும் அமைதி, தவத்தினால் வந்ததாயினும் உறக்கமேயன்றி வேறன்று. இவ்வேறுபாட்டைப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு அறிவிக்காது. அதனை அறியும் பொறுப்பு மனிதனுடையது. அப்பொறுப்பை அவன் ஆற்றுவதற்கு வேண்டிய உண்மையை மறையாது வழங்குதல் விற்பவரின் கடன். அதனை உறுதிசெய்தல் அரசின் கடன்.