கழற்றாமல் விற்பது

மிலானுக்குக் கிழக்கே காம்பியாகோ என்ற சிற்றூரில் செய்த ஒரு ரேஸ் சைக்கிளை விற்க முடிவு செய்திருக்கிறேன். கொல்னாகோ நிறுவனத்தின் 'சூப்பர்'. பின் கியரை மாற்றும் டெரைலரில் 'பாட். 78' என்று பொறித்திருப்பதால், 1978-ஐ ஒட்டிச் செய்தது என்று கொள்ளலாம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் ஒரிஜினலா?"

ஆமாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. எதற்காக ஒரிஜினல் வேண்டும், அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. பணம் கொடுக்கிறவரிடம் அப்படிக் கேட்க விற்பவனுக்கு உரிமை உண்டா? உண்டு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சைக்கிளைப் பற்றி. ஃபிரேம் கொலம்பஸ் எஸ்.எல். குழாய்களால் ஆனது. 1919-இல் ஆஞ்செலோ லூயிஜி கொலம்போ மிலானில் தொடங்கிய நிறுவனத்தின் குழாய் அது. முனைகளில் 0.9 மி.மீ. தடிமன், நடுவில் வெறும் 0.6 மி.மீ. நகத்தால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். குழாய்கள் சேரும் எஃகு மூட்டுகளில் சீட்டுக்கட்டின் கிளாவர் வடிவத்தை வெட்டியிருக்கிறார்கள். 1970-இல் மிக்கேலே தான்செல்லி கொல்னாகோ சைக்கிளில் மிலான்–சான்ரெமோ பந்தயத்தை வென்றார். அந்தப் பந்தயத்தில் ஓர் இத்தாலியர் வென்று அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வெற்றிக்குப் பிறகுதான் கிளாவர் ஆசு கொல்னாகோவின் சின்னமானது. இரண்டு ஆண்டு கழித்து, 1972 அக்டோபர் 25 அன்று, மெக்சிகோ நகரத்தில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்த சைக்கிளையும் எர்னெஸ்தோ கொல்னாகோதான் செய்தார். என்னுடைய சைக்கிள் எந்தப் பந்தயத்தையும் வென்றதில்லை. அதற்குச் சொந்தக்காரராக இருந்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிப் பக்கம் ஓட்டிப் போய்வந்த ஒரு தொழிற்சாலைப் பணியாளர். அவர் ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் வந்தது.

டெரைலர், கிராங்க், பிரேக், ஹப், சீட் தாங்கும் கம்பி எல்லாம் காம்பன்யோலோ நிறுவனத்தின் 'நுவோவோ ரெக்கார்டு' வரிசை. ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் ஸ்டெம்மும் சினெல்லி. சீட் சினெல்லியின் யூனிகானிட்டர். ரிம் நீசி. செயினும் ஃப்ரீவீலும் ரெஜினா. இன்று நான்கு நாடுகளில் செய்த பாகங்கள் ஒரு சைக்கிளில் இருப்பது சாதாரணம். இதில் உள்ளவை பெரும்பாலும் வட இத்தாலியின் சில ஊர்களுக்குள்ளேயே பிறந்தவை. ஒரு பட்டறையில் குழாய், இன்னொன்றில் ரிம், வேறொன்றில் செயின் என்று செய்தார்கள். ஒருவர் செய்தது மற்றவர் செய்ததில் பிசகாமல் பொருந்தியது. இத்தாலிய ரேஸ் சைக்கிளின் அழகு என்று நான் நினைப்பது அந்தப் பொருத்தத்தை. பெயிண்டும் குரோமும் அதற்குப் பிறகுதான்.

ஏன் விற்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். முன்னால் 52, 42 என்று இரண்டு பல்சக்கரங்கள். பின்னால் 13 முதல் 21 வரை. மிக இலகுவான கியரில்கூட, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி, சைக்கிள் நான்கு மீட்டருக்கு மேல் நகர்கிறது. சமதரையில் அது சுகம். கோமோ ஏரிக்கு மேலே உள்ள ஏற்றங்களில் முழங்கால் கேட்கும் விலை அதிகம். 26 பல் வரை உள்ள ஃப்ரீவீலை மாட்டினால் இந்த டெரைலர் தாங்கும். ஆனால் தாழ்ந்த ஹேண்டில்பாரை மணிக்கணக்கில் குனிந்து பிடிக்க முதுகும் இடம் கொடுக்க வேண்டும். இனி அது கொடுக்காது. மனம் வருந்தினாலும் இதில் புலம்ப ஒன்றுமில்லை. உடம்புக்கு ஒரு பருவம் இருக்கிறது. இந்தச் சைக்கிள் அந்தப் பருவத்துக்கு உரியது.

"சுவரில் மாட்டி வையேன், பார்க்க அழகாக இருக்குமே" என்று நண்பர்கள் சொன்னார்கள். அப்படி மாட்டி வைத்த சைக்கிள்களைப் பார்த்திருக்கிறேன். கோமோ ஏரிக்கரையில் உள்ள பெல்லாஜியோவிலிருந்து ஏறிப் போனால் சுமார் 750 மீட்டர் உயரத்தில் மடோன்னா தெல் கிசால்லோ என்ற சிறு தேவாலயம் இருக்கிறது. 1949-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டிகளின் காவலாக அறிவித்தார். உள்ளே சுவரெல்லாம் சைக்கிள்கள். கோப்பி, பார்த்தாலி போன்ற பந்தய வீரர்கள் ஓட்டியவை. 1995 டூர் தெ பிரான்ஸில் இறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ கசார்த்தெல்லியின் நசுங்கிய சைக்கிளும் அங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் நின்று பேசுகிற யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தச் சைக்கிள்கள் ஓடாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. அவற்றை ஓட்டியவர்களின் நினைவைச் சுமக்கும் வேலை அவற்றுக்கு இருக்கிறது. என் வீட்டுச் சுவரில் தொங்கும் சைக்கிளுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. நல்ல நிலையில், இன்னும் பல ஆண்டு ஓடக்கூடிய ஒன்றை, 'என்னிடம் இருக்கிறது' என்பதற்காக மட்டும் நிறுத்தி வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆக விற்பது என்று ஆயிற்று. அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது.

வந்தவர்களில் ஓர் இளைஞர், தன்மையானவர், விஷயம் தெரிந்தவர். சைக்கிளைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். முழு சைக்கிளுக்கு நான் கேட்டதைவிடக் கூடுதலாகவே தரத் தயார் என்றார். பிறகு அவரே நேர்மையாகச் சொன்னார்: "நான் இதை ஓட்டப் போவதில்லை. பிரித்து விற்கப் போகிறேன்." காரணத்தையும் விளக்கினார். ஃபிரேம் 55 செ.மீ.; அதற்கேற்ற உயரமும் கால் நீளமும் உள்ள ஒருவருக்குத்தான் பொருந்தும். டெரைலரும் பிரேக்கும் எல்லாருக்கும் பொருந்தும். சைக்கிளை அனுப்ப ஆள் உயரப் பெட்டி வேண்டும். டெரைலரைச் சிறு பொட்டலமாகக் கட்டி உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். அதனால்தான் உதிரிகளின் விலையைக் கூட்டினால் முழு சைக்கிளின் விலையைத் தாண்டிவிடுகிறது. ஃபிரேம் கடைசியில் மிச்சமாகும். அதை யாராவது புதிதாகப் பெயிண்ட் அடித்து வேறு பாகங்களைப் பூட்டி ஊருக்குள் ஓட்டுவார்கள்.

அவர் கணக்கில் தவறில்லை. பழைய நகையை உருக்கிப் பவுன் கணக்கில் விற்பவரின் கணக்கிலும் தவறு இருக்காது. செய்தவர் கைவேலைக்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது, அவ்வளவுதான்.

அவர் சொன்னதைப் பல நாள் யோசித்தேன். பிரித்து விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. விபத்தில் ஃபிரேம் முறிந்துபோன சைக்கிளைப் பிரிப்பதுதான் சரி. அதன் கிராங்க் இன்னொரு சைக்கிளை ஓட வைக்கும். காம்பன்யோலோவே அந்த எண்ணத்தோடுதான் செய்தது. சின்ன ஸ்பிரிங், நட்டு, வாஷர் வரைக்கும் விலைப்பட்டியலில் தனித்தனி எண் கொடுத்துத் தனித்தனியாக விற்றது. தேய்ந்ததை மட்டும் மாற்று, மீதியை வைத்துக்கொள் என்ற ஒழுங்கு அது. 1927-இல் குரோச்சே தாவுனே கணவாயில், பனியில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் துல்லியோ காம்பன்யோலோ பந்தயத்தைக் கோட்டைவிட்டார், அதனால்தான் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கழலும் அமைப்பைக் கண்டுபிடித்தார் என்று அந்த நிறுவனம் காலங்காலமாகச் சொல்லி வருகிறது. கதை எப்படியோ, 1933-இல் விச்சென்சாவில் அவர் தொடங்கிய பட்டறையின் நோக்கம் சைக்கிள் வழியில் நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்பதுதான். எளிதாகக் கழற்ற முடிகிற அந்தத் திறமை, ஓடுகிற சைக்கிளைக் கூறுபோட இன்று பயன்படுவது எனக்கு வலிக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தொல்லை உண்டு. ஒரிஜினல் என்ற பெயரில் எதையும் தொடக்கூடாது என்பவர்கள். பிரேக் லீவரின் ரப்பர் உறை வெடித்திருந்தாலும் அதுதான் வேண்டும், டயரும் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும் என்கிறார்கள். இந்தச் சைக்கிளின் டயர், ரிம்மில் பசை தடவி ஒட்டும் டியூபுலர் வகை. பசை காய்ந்து பிடிப்பு விட்டால் வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும்; ஓட்டுகிறவரின் தலை தரையில் மோதும். டயரும் பிரேக் கட்டையும் கேபிளும் ரப்பரும் தேய்வதற்கென்றே இருப்பவை. அவற்றை மாற்றியிருக்கிறேன். மாற்றியதைத் தனியே எழுதியும் வைத்திருக்கிறேன். டஸ்கனியின் காயோலேயில் 1997 முதல் நடக்கும் லெரோயிக்கா ஓட்டத்தில் பழைய சைக்கிள்களுக்குத்தான் இடம். 1987-க்கு முந்தியதாக இருக்க வேண்டும், கியர் லீவர் ஃபிரேமில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் வெளியே தெரிய வேண்டும். ஆனால் அந்த வெள்ளை மண் சாலைகளில் நாற்பது வருடப் பழைய டயரோடு யாரும் இறங்குவதில்லை. விழாவுக்கு வருகிறவர்கள் சைக்கிளை ஓட்டுகிறார்கள். புழுதியும் சேறுமாகத் திரும்புகிறார்கள். பழமையை மதிக்கும் முறை இதுதான் என்று நம்புகிறேன்.

அப்படியானால் இந்தச் சைக்கிளில் ஒரிஜினல் என்று நான் எதை விற்கிறேன்? அந்தக் காலத்தில் வாங்குகிறவர் ஃபிரேமைத் தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் அவர் கேட்ட பாகங்களைப் பூட்டிக் கொடுப்பார். இந்த சீட், இந்த ஸ்டெம் நீளம், இந்தப் பல் கணக்கு எல்லாம் அந்தப் பணியாளர் தன் சம்பளத்தை எண்ணிப் பார்த்து, தன் உடம்பை அளந்து பார்த்து எடுத்த முடிவுகள். 42 பல் சக்கரம் 52-ஐவிட நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அவர் மலைப்பக்கம் அதிகம் போனவர் என்று அதிலிருந்து தெரிகிறது. பாகங்களைப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் அதே தரத்தோடு இருக்கும், ஆனால் ஒரு மனிதர் ஆசைப்பட்டுத் தனக்கென்று தேர்ந்தெடுத்தார் என்ற செய்தி எதிலும் இருக்காது. நான் காக்க நினைப்பது அந்தச் செய்தியை.

அந்த இளைஞருக்கு நன்றி சொல்லி, விற்க முடியாது என்று சொல்லிவிட்டேன். குறைந்த விலைக்கு, ஓட்டப் போகிறவருக்குக் கொடுப்பேன். பண நஷ்டம் எனக்கு உறைக்காமல் இல்லை. ஆனாலும் ஒரு பொருளை இத்தனை காலம் பேணியவன், கைமாற்றும் அந்த ஒரு நாளில் மட்டும் பேணாமல் விடுவது எந்த நியாயத்தில் சேரும்?

வாங்க வருகிறவரிடம் குறைகளை நானே காட்டுகிறேன். அந்தக் காலத்து காம்பன்யோலோ கிராங்கில், கையும் ஐந்து கிளைகளும் சேரும் மூலையில் விரிசல் விடும். துடைத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறேன். இப்போது இல்லை, ஆனால் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். முன்புறம் மோதியிருந்தால் கீழ்க்குழாயின் அடிப்பக்கம், ஹேண்டில் குழாயை ஒட்டி, மெல்லிய மடிப்பு விழுந்திருக்கும். விரலை ஓட்டித் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். கிராங்க் அச்சின் கப் இத்தாலிய மரை: 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, இரண்டு பக்கமும் வலப்பக்கம் திருப்பினால் இறுகுவது. அதனால் செயின் பக்கத்துக் கப் ஓட ஓடத் தளரப் பார்க்கும். இதற்கு மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்த கணக்கு. வேறு நாட்டு மரையை வலிந்து திருகினால் ஃபிரேமே பாழ். ஓவராயில் செய்யும் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுக்கிறேன். பெயிண்ட் உதிர்ந்த இடங்களில் புதிதாக அடிக்க வேண்டாம், மெழுகு தடவினால் போதும் என்றும் சொல்கிறேன். இதையெல்லாம் கேட்டு ஒருவர் வாங்காமல் போனால் போகட்டும். கேட்ட பிறகும் வேண்டும் என்கிறவர்தான் எனக்கு வேண்டியவர்.

உங்கள் வீட்டுப் பரணிலோ நிலவறையிலோ அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய இப்படி ஒரு சைக்கிள் இருந்தால், விற்கும் முன் சில வேலைகள் செய்யுங்கள். எதையும் கழற்றாதீர்கள், சீட் கம்பியும் ஸ்டெம்மும் பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள், ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள். ஓட்டியவர் யார், எந்த ஊர், எந்தச் சாலை என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதிச் சைக்கிளோடு வையுங்கள். பிறகு விலையைச் சொல்லுங்கள். அளவு பொருந்துகிற ஒருவர் வரும்வரை காத்திருங்கள். வந்தவரை முதலில் ஏறி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.