கணக்குக் கேட்காத உடைமைக்காரர்கள்

அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்குத் திரளும் கூட்டத்தில் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவர்கள் உண்டு, தீப்பெட்டி ஒட்டுகிறவர்களும் உண்டு. வாரக்கூலியில் முடிந்துவைத்த காசு உண்டியலில் விழுகிறது. விழுந்தபின் அது யாருடையது?

அம்மனுடையது என்கிறது சட்டம். நம் நீதிமன்றங்களின் பார்வையில் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையுள்ள நபர். ஆனால் தன் சொத்தைத் தானே பராமரிக்க இயலாததால் மைனருக்குச் சமமான நபர். அறங்காவலரும் அறநிலையத்துறை அதிகாரியும் அவளுக்குக் காப்பாளர்கள், அவ்வளவே. கணக்குக் கேட்காத ஒருத்திக்கு ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்?

அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது கரிசல் மண்ணின் பதில். அந்தப் பயத்துக்கு மதிப்புண்டு. இருந்தும் உண்டியலைப் பலர் முன்னிலையில் திறந்து, எண்ணி, தொகையை ஊரறியச் சொல்கிறோம். பயபக்தி மட்டும் போதும் என்று கோயில்கூட நம்பவில்லை.

கணக்குக் கேட்காதவர்களுக்கும் நேர்மையாக இருப்பதற்கு அரசுப் பணியிலும் ஒரு கதை உண்டு. கோயில்களுக்கான இன்றைய அறநிலையச் சட்டம் வந்த 1959இல் முதலமைச்சராக இருந்த காமராசர், 1957 தேர்தலில் சாத்தூரில் வென்றவர். இருக்கன்குடியும் சாத்தூர் வட்டாரம்தான். விருதுநகரில் அவருடைய தாயார் சிவகாமி அம்மாள் வீட்டுக்கு நகராட்சி தனிக்குழாய் போட்டதையும், அதை அவர் எடுக்கச் சொன்னதையும் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். எளிமைக்குச் சான்றாகவே இந்தக் கதை சொல்லப்படுகிறது. அதைவிடப் பெரிய விஷயம் அதில் இருக்கிறது. தெருக்குழாயில் குடத்தோடு நின்ற பெண்கள் முதலமைச்சரிடம் வந்து நியாயம் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்க முடியாதவர்களுக்கும் தான் பதில் சொல்ல வேண்டியவன் என்று அவர் எண்ணியிருக்கிறார். அரசுப் பணியின் அறம் இந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

இதே மண்ணில் அந்த அறம் தவறிய இடங்களும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அப்போது அதிகாரிகளே சொன்னார்கள். உத்தரவு காகிதத்தில் இருந்தது, வேலை அறைகளில் நடந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது, உரிமம் ஒருவர் பெயரிலும் அறைகள் உள்குத்தகைக்காரர்கள் கையிலும் இருந்தது வெளிவந்தது.

ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. அந்த விதியின் பயன் முழுவதும் உள்ளே வேலை செய்யும் பெண்ணுக்கு உரியது. அவளோ ஆய்வு அறிக்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. உள்குத்தகையைக் கண்டும் காணாமல் போடும் ஒரு கையெழுத்து, உண்டியலில் கைவைப்பதை விடக் கொடியது. உண்டியலில் போவது காசு, இங்கே போவது உயிர்.

காசை எண்ணுவதற்குப் பத்துப் பேரைச் சாட்சி வைக்கிறோம். ஆய்வு அறிக்கைக்கும் சாட்சி வேண்டும். கடைசியாக அதிகாரி வந்த தேதி, அவர் கண்ட குறை, அது சரிசெய்யப்பட்டதா என்ற விவரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ஆலையின் வாசலிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். காலையில் வேலைக்கு நுழையும்போதே அந்தத் தொழிலாளிப் பெண் படித்துக்கொள்வாள்.