சமத்துப் பிள்ளை

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். மூன்று வயதுப் பையன் ஒருவன் அழாமல், அடம் பிடிக்காமல் மெஷின்மேல் ஏறி நிற்கிறான். இறங்கியதும் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாய் உட்கார்ந்துகொள்கிறான். "எம்புட்டு சமத்து!" என்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சிதான். சில பிள்ளைகளுக்குச் சமத்து இயல்பு. சில பிள்ளைகளுக்கு அது வேலை: அம்மா இன்று எப்படி இருக்கிறாள் என்று விடிந்ததும் கணித்து, அதற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் வேலை.

பிள்ளைகள் இந்த வேலையைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பழகிவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய்மார்கள் திடீரென முகத்தை அசைக்காமல் சில நிமிடம் வைத்துக்கொண்டார்கள். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தாய்க்கு மனச்சோர்வு பிடித்த வீட்டில் அந்தச் சில நிமிடம் மாதக்கணக்கில் நீள்கிறது. 'ங்கா' என்றால் திரும்ப 'ங்கா' வருவதில்லை. பேச்சு தாமதமாகலாம், தூக்கம் கெடலாம், எரிச்சல் மூளலாம், வளர்ந்தபின் பதற்றமும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பும் கூடுகிறது. வாய்ப்புதான், விதி அல்ல. அப்பத்தாவோ அம்மாச்சியோ மடியில் போட்டுக் கொஞ்சினால் எவ்வளவோ ஈடாகும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். பேறுகாலத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். காரணங்களைப் படித்தால் மருத்துவ ஆய்வு என்றே தோன்றாது. தெருத்திண்ணைப் பேச்சு மாதிரி இருக்கிறது. வறுமை, மாமியாரோடு மனத்தாங்கல், பையனை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, கைவேலைக்கு ஆள் இல்லாதது. அதே வட்டாரத்தில் 2004-இல் வந்த இன்னோர் ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளின் தாய்மாரிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதைக் கண்டது. எடை மெஷின் குழந்தையை மட்டும் நிறுப்பதில்லை போலும்.

புதுக்கோட்டைக்கென்று சில சுமைகள் உண்டு. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆண்களை அனுப்பிவிட்டுத் தனியே பிள்ளை வளர்க்கும் பெண்கள் ஏராளம். வீடியோ காலில் அவள் சிரிக்கிறாள். போனை வைத்ததும் அந்த முகம் இறங்குவதைப் பார்ப்பது பக்கத்தில் நிற்கும் பிள்ளை மட்டும்தான். 2018 நவம்பரில் கஜா புயல் கீரமங்கலம், வடகாடு பகுதித் தென்னைகளைச் சாய்த்தபோது கடனைக் கணக்கிட்டார்கள். மனசைக் கணக்கிட யாருக்கு நேரம்? பச்சை உடம்புக்காரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் காத்து கருப்பு என்று தாயத்து கட்டுகிறார்கள், அல்லது 'திமிர்' என்று விட்டுவிடுகிறார்கள்.

தாய்மார்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தரும் அரசுத் திட்டம், இதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் நடக்கிறது. அதன் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் உண்டு. உடம்புக்கு வேண்டியவை. மனசுக்கு வேண்டியதைப் பெட்டியில் அடைக்க முடியாது, ஆனால் அது விலை உயர்ந்ததும் அல்ல. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு கண்ட கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போய்ப் பேசவைத்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வு நீடித்தவர்கள் அங்கே 23 சதவீதம். பயிற்சியில்லாத பணியாளர்கள் போன ஊர்களில் 53. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஆய்வொன்றில் மருந்து தாய்க்குத்தான் கொடுக்கப்பட்டது. மூன்றே மாதத்தில், குணமான தாய்மாரின் பிள்ளைகளிடம் மனநலக் கோளாறுகளின் விகிதம் 11 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. குணமாகாதவர்களின் பிள்ளைகளிடம் 8 புள்ளிகள் கூடியது.

மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். ஆனால் தனக்கு நோய் என்றே அறியாதவள் எந்த எண்ணை அழுத்துவாள்? அங்கன்வாடியில் பையனின் எடையை எழுதி முடித்த கையோடு, "நீ ராத்திரி தூங்குறியா தாயி?" என்று யாராவது கேட்டால், அவள் பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆகலாம். ஓரமாய் உட்கார்ந்திருக்கும் பையனும் அந்தப் பதிலுக்காகத் தலையைத் தூக்குவான்.