விளக்கு யார் கையில் இருந்தது?

கணியூரில் காலை ஏழு மணி, பிள்ளைகளை வழியனுப்பும் நேரம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பையின் ஓரத்தில் தண்ணீர் பாட்டில். உடுமலைப் பக்கம் போகிறவர்கள் ஒரு கூட்டம், பழநிப் பக்கம் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். கோவையில் விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையே முறுக்கு டப்பாவும் துவைத்த துணியுமாகக் கிளம்பிவிடுவார்கள். அமராவதிப் பாசனத்தில் நெல், கரும்பு, தென்னை விளையும் ஊர்தான். ஆனாலும் பல வீடுகளில் கல்லூரிக் கட்டணம் கட்டுவது மில் ஷிஃப்டும் பனியன் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளமும்தான். ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்து, பீஸுக்கு இத்தனை என்று எண்ணி வாங்கிய பணம்.

அப்படிப் படிக்க அனுப்பிய பிள்ளை ஒருநாள் விடுதி அறையில் போதையில் இறந்து கிடந்தால் அதற்கு யார் பொறுப்பு? டீக்கடையில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். கெட்ட சகவாசம் என்பார் ஒருவர். பெற்றவர்கள் கண்டிக்கவில்லை என்பார் இன்னொருவர். காலேஜ் சரியில்லை என்பார் மூன்றாமவர். அவனாகத் தேடிக்கொண்டது என்பார் நான்காமவர். கடைசியாக யாராவது பெருமூச்சு விட்டு, அவன் தலையெழுத்து அவ்வளவுதான் என்று முடித்துவைப்பார். இறந்தவனே முழுப் பொறுப்பு என்பதும் தலையெழுத்து என்பதும் எதிரெதிர்ப் பதில்களாகத் தோன்றும். ஆனால் மற்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவைப்பதில் இரண்டும் ஒன்றுதான்.

பொறுப்பு என்பது ஒரே ஆளின் தலையில் விழுவதா, பலரிடம் பரவி நிற்பதா என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பழநியிலிருந்து கொழுமம் போகும் சாலையில் ஐவர்மலை இருக்கிறது. வனவாசத்தில் பாண்டவர் ஐவரும் தங்கிய இடம் என்பது ஊர்க்கதை. கல்வெட்டு சொல்வது வேறு. அதில் திருவயிரை என்று பெயர் பெற்ற இந்த மலையில் சமணத் துறவிகள் வாழ்ந்தார்கள். பாறை முகப்பில் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சாந்திவீரக்குரவர் என்ற சமண ஆசிரியர் இங்கே பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கி உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்தார்.

அந்தத் துறவிகளின் அறநெறியில் ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் கேட்கப்படும் கேள்வி மூன்று: நீ செய்தாயா? பிறரைக் கொண்டு செய்வித்தாயா? பிறர் செய்ய உடன்பட்டாயா? இந்த மூன்றையும் மனம், சொல், உடல் என்ற மூன்றோடும் பெருக்குவார்கள். ஆக ஒன்பது வாசல். எட்டு வாசலை அடைத்துவிட்டு ஒன்பதாவது வழியாக நழுவ முடியாது. புலால் மறுத்தலில் வள்ளுவரும் இதையே தொடுகிறார். தின்பதற்காக வாங்குபவன் இல்லாவிட்டால் விலைக்காகக் கொன்று விற்பவனும் இருக்கமாட்டான் என்பது அவர் வாதம். கத்தி பிடித்த கையோடு அவர் நிற்கவில்லை. காசு கொடுத்த கைவரை போனார்.

இந்தக் கணக்கை இன்றைக்குப் போட்டுப் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய ஆய்வின்படி இந்தியாவில் 3.1 கோடிப் பேர் கஞ்சா வகைகளையும் 2.26 கோடிப் பேர் அபின் வகைகளையும் பயன்படுத்தியிருந்தார்கள். அபின் வகை என்றதும் ஏதோ தொலைதூரச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கடும் வலிக்குக் கொடுக்கப்படும் டேபென்டடால் மாத்திரையும் அந்த இனம்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அதைப் போதைக்கு விற்றவர்களைக் கோவை, திருப்பூர்க் காவல்துறையினர் சில ஆண்டுகளாகவே கைது செய்து வருகிறார்கள். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் இறந்த செய்திகள் தமிழ்நாட்டிலேயே வந்திருக்கின்றன. அந்த மாத்திரை தானாக அறைக்குள் நடந்து வரவில்லை. சீட்டுக் கேட்காத கடைக்காரர், மொத்தமாக வாங்கிக் கைமாற்றியவர், அறை நண்பர்களிடம் வசூல் செய்தவர், மாதம் ஒருமுறைகூட மாடியேறாத விடுதிக் காப்பாளர் என்று ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வாசலில் நிற்கிறார்கள்.

அவனே விரும்பித்தானே எடுத்தான் என்ற வாதத்தையும் தட்டிக்கழிக்கக்கூடாது. முதல் தடவை எடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. சட்டமும் அதை விடுவதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24ஆம் பிரிவுகள் பழைய தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகளின் வழிவந்தவை. தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டவனுக்குத்தான் அவை இடம் கொடுக்கின்றன. தானே குடித்தவன் போதையில் செய்த குற்றத்துக்குப் போதையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. நியாயம்தான். ஆனால் போதை தலைக்கேறி நினைவு தப்பிய பிறகு என்ன? பத்து மணிக்குத் தவறு செய்த பையன் பதினொரு மணிக்கு மூச்சுக்குத் திணறும்போது, அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. பொருட்பாலைப் பகுப்பவர்களில் பலர் அதை வைப்பது நட்பியலில். நட்பு, தீ நட்பு, கூடா நட்பு எல்லாம் வரும் அதே இயல். அந்த அதிகாரத்தில் ஓர் உவமை உண்டு. குடித்து மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்கப் பார்ப்பது, நீருக்குள் மூழ்கிவிட்டவனைத் தீவிளக்கு கொண்டு தேடுவது போன்றது என்கிறார் வள்ளுவர். குடிகாரனுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை என்பதோடு பொதுவாக இதற்கு உரை நின்றுவிடுகிறது. உவமைக்குள் இன்னொரு ஆளும் இருக்கிறான். கரையில் விளக்கோடு நிற்பவன். மூழ்கியவனுக்கு அந்த நேரத்தில் அறிவும் இல்லை, கையும் இல்லை. அறிவும் கையும் உள்ளவன் கரையில் நிற்பவன் ஒருவனே. அப்படியானால் அந்த நேரத்துப் பொறுப்பு அவனுடையது. விளக்கு உதவாது என்றால் கயிறு தேட வேண்டும், குரல் கொடுக்க வேண்டும்.

2017 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கரையில் நின்றவர்கள் அதைச் செய்யவில்லை. மாணவர் சங்க வீடு ஒன்றில் புதிதாகச் சேர்ந்த 19 வயது டிமோதி பியாட்ஸாவைக் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தார்கள். அவர் நிலவறைப் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். தூக்கி வந்து சோபாவில் கிடத்தினார்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது. ஆம்புலன்ஸை அழைக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. பிப்ரவரி 4ஆம் தேதி அவர் இறந்தார். மறு ஆண்டு அந்த மாநிலம் அவர் பெயரிலேயே கொண்டுவந்த சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. கூடவே இன்னொன்றையும் செய்தது: ஆபத்தில் இருப்பவனுக்காக உதவியை அழைத்து, உடனிருந்து ஒத்துழைப்பவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

நம் நாட்டில் 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் அமன் கச்ரூ இறந்தார். வயது 19. குடிபோதையில் இருந்த மூத்த மாணவர்கள் நால்வர் அடித்ததால் நேர்ந்த மரணம். 2010 நவம்பரில் நால்வருக்கும் நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மகனை இழந்த தந்தை ராஜேந்திர கச்ரூ ராகிங் ஒழிப்புக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். அதே 2009 ஜூனில் வந்த யுஜிசி விதிமுறைகள், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும் என்று கல்லூரித் தலைமையின் பக்கம் பொறுப்பைத் திருப்பின. ராகிங் செய்தவர் இன்னார் என்று தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனையும் விதிக்கலாம் என்றன.

கூட்டுத் தண்டனையின் நோக்கம் புரிகிறது. பார்த்தும் வாய் மூடி இருந்தவனை அது பேசவைக்கப் பார்க்கிறது. ஐவர்மலைத் துறவிகளின் மூன்றாவது கேள்வியின் நிழல் அதில் தெரிகிறது. ஆனால் போதை மரணத்தில் இந்த வழி எடுபடாது. அடிபடுகிறவனைக் காப்பாற்றும் அறை நண்பனுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. போதையில் விழுந்தவனின் நண்பனோ பெரும்பாலும் தானும் எடுத்தவன், அல்லது வாங்கக் காசு கொடுத்தவன். ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும், வீட்டுக்குப் போன் போகும், டி.சி. கிழியும் என்று அவன் பயப்படுகிறான். தூங்கட்டும், காலையில் சரியாகிவிடுவான் என்று விளக்கை அணைக்கிறான். அபின் வகை மருந்து அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகிக்கொண்டே போகும். தொண்டையில் களகளவென்று குறட்டை மாதிரி ஓர் ஓசை வரும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் அதைக் கேட்டு, நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வான். நலோக்சோன் என்ற மாற்று மருந்து நேரத்தோடு கிடைத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அந்த நேரத்தைத்தான் பயம் தின்றுவிடுகிறது.

நிறுவனம் தன் பங்கை ஏற்றுக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1997இல் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி.யின் முதலாண்டு மாணவர் ஸ்காட் குரூகர், மாணவர் சங்க நிகழ்ச்சி ஒன்றில் அளவுமீறிக் குடித்து இறந்தார். 2000ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதைவிடப் பெரிய செய்தி, அதன் தலைவர் சார்ல்ஸ் வெஸ்ட் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியது. முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே தங்க வேண்டும் என்று விதியையும் மாற்றினார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள நாம் பாஸ்டன் வரை போக வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் திருவாரூர் மன்னன் மனுநீதிச் சோழனின் கதையைச் சேக்கிழார் சொல்கிறார். கன்று தானே துள்ளிவந்து தேர்க்காலில் விழுந்தது, இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை, பரிகாரம் செய்தால் போதும் என்றார்கள் அமைச்சர்கள். இன்றைய கல்லூரி நிர்வாகத்தின் விளக்க அறிக்கை கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. மன்னன் அதை ஏற்கவில்லை. காப்பவன் என்று இருப்பவன் ஐந்து பக்கத்திலிருந்து வரும் பயத்தையும் தீர்க்க வேண்டும் என்கிறார் சேக்கிழார். தன்னால் வருவது, தன் ஆட்களால் வருவது, பகைவரால், கள்வரால், பிற உயிர்களால் வருவது. பட்டியலில் தன்னையும் தன் ஆட்களையும் முதலில் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மன்னன் மகனைத் தேர்க்காலில் இட்டது இன்றைய மனதுக்கு ஒப்பாது. பொறுப்பை அவன் எங்கே தேடத் தொடங்கினான் என்பது மட்டும் ஒப்பும். போதைப்பொருள் வியாபாரி கள்வர் கணக்கில் வருவான். நிர்வாகம் தொடங்க வேண்டிய இடம் முதல் இரண்டு.

சாலையில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு இந்தியாவில் பாதுகாப்பு இருக்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதற்கான வழிகாட்டுதலுக்குச் சட்ட வலு கொடுத்தது, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும், தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு 64ஏ பிரிவு ஒரு வழி விடுகிறது. நண்பனின் உயிருக்காக 108ஐ அழைக்கும் மாணவனுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வரி நாடாளுமன்றத்தில் எழுதப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதே நாளில் கல்லூரியும் ஓர் உறுதிமொழி தரலாம்: போதையில் ஆபத்தான ஒருவருக்காக உதவியை அழைக்கும் மாணவர் மீது கல்லூரி எந்த நடவடிக்கையும் எடுக்காது. காவல்துறை வழக்கு கல்லூரியின் கையில் இல்லைதான், ஆனால் டி.சி. கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. கணியூரிலிருந்து பிள்ளையைச் சேர்க்கப் போகும் அப்பாவும் அம்மாவும் கட்டணக் கவுன்டருக்குப் போவதற்கு முன் இந்த ஒன்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளையிடமும் சொல்லி அனுப்புங்கள்: கூட இருப்பவன் எழுப்பினாலும் எழவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வை, 108ஐக் கூப்பிடு, பிறகு எங்களைக் கூப்பிடு, நாங்கள் திட்டமாட்டோம். போதையிலிருந்து மீள ஆலோசனை தரும் இலவச எண் 14446.